சுபாங்கிலிருந்து சொந்த விமானத்தில் வெளிநாடு: சுங்கத்தைத் தாண்ட ஒரு வழிகாட்டி

தனியார் விமானம் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து நேராக விமானத்துக்கு, இறங்கியதும் விமானத்திலிருந்து நேராகக் காருக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நீண்ட வரிசை இல்லை என்பது சரி. சோதனை இல்லை என்பது சரியில்லை. ஐந்நூறு பேர் இறங்கும் கேஎல்ஐஏ எனும் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தில் ஒரு பெட்டி அதிகாரியின் கண்ணில் படாமல் போகலாம். ஐந்து பேர் மட்டும் இறங்கும் இடத்தில் எல்லாப் பெட்டியும் கண்ணில் படும். சுங்கம், குடிநுழைவு, தனிமைப்படுத்தல் என்ற மூன்றையும் சேர்த்து நம் ஊரில் சிஐகியூ என்கிறோம். ஜோகூர் பாலத்தில் உள்ளது போலவே இங்கும் அது உண்டு. இடமும் கூட்டமும்தான் வேறு.

இந்தக் கட்டுரை இரண்டு வகை ஆட்களுக்கு. ஒருவர், கோலாலம்பூரில் ஏதோ ஒரு நிறுவனத்தில் நிர்வாக வேலை பார்ப்பவர். "வெள்ளிக்கிழமை காலையில சிங்கப்பூர் போகணும், ஏற்பாடு பண்ணிடும்மா" என்று முதலாளி சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். இன்னொருவர், தனியார் விமானி உரிமம் எடுத்து, சின்ன விமானத்தில் முதல் முறையாக ஹாட்யாய்க்கோ மேடானுக்கோ பறக்க ஆசைப்படுபவர். விமானத்தின் அளவு மாறினாலும் காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

இது யாருடைய பயணம்?

ஏற்பாட்டைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: பயணிகளில் யாராவது இந்தப் பயணத்துக்குக் காசு கொடுக்கிறார்களா? உரிமையாளரும் குடும்பமும் சொந்த விமானத்தில் போனால் அது தனியார் பயணம். வாடகை வாங்கிக்கொண்டு ஏற்றினால் அது வணிகப் பயணம். அதற்கு விமான இயக்கச் சான்றிதழ் வேண்டும், விமானச் சேவை அனுமதியும் வேண்டும். இந்த அனுமதியை முன்பு மாவ்கோம் என்ற ஆணையம் கொடுத்துவந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்த ஆணையம் சிஏஏஎம் எனப்படும் மலேசிய பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது.

"நண்பர்கள் பெட்ரோல் காசை மட்டும் பகிர்ந்துகொள்கிறார்கள்" என்று சொல்லி வாடகைப் பயணத்தைத் தனியார் பயணமாகக் காட்டுவது நம் வட்டாரத்தில் புதிதல்ல. அப்படிச் செய்தால் சிக்கல் விமான ஆணையத்தோடு நிற்காது. போய் இறங்கும் நாட்டின் அனுமதி, காப்புறுதி, சுங்கத்தில் கொடுத்த அறிவிப்பு எல்லாமே பொய்யாகிவிடும். காப்புறுதி நிறுவனம் பணம் தராமல் இருக்க இதைவிட நல்ல காரணம் அதற்குக் கிடைக்காது.

எங்கே இறங்கலாம்

1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான பொது விமானப் போக்குவரத்து ஒப்பந்தம்தான் இன்றும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நாட்டுக்குள் வரும் விமானம் அந்த நாடு குறித்துவைத்த சுங்க விமான நிலையத்தில்தான் முதலில் இறங்க வேண்டும் என்கிறது அதன் 10ஆவது பிரிவு. வெளியேறும்போதும் அப்படி ஒரு நிலையத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஓடுபாதை இருக்கும் இடத்தில் எல்லாம் இறங்கிவிட முடியாது.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு வழக்கமான இடம் சுபாங். 1965 முதல் 1998 வரை நாட்டின் முதன்மை விமான நிலையமாக இருந்தது. கேஎல்ஐஏ வந்த பிறகு தனியார் ஜெட்டுகளுக்கும் சிறு விமானங்களுக்கும் அது வீடாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் பயணிகள் ஜெட் சேவையும் திரும்ப வந்ததால் பழைய சாவகாசம் இப்போது இல்லை. நிறுத்துமிடத்தையும் நேர ஒதுக்கீட்டையும் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. பினாங்கில் பாயான் லெப்பாஸ். லங்காவி, ஈப்போ, செனாய் ஆகியவையும் பன்னாட்டு விமான நிலையங்களே. ஆனால் பெயரில் பன்னாட்டு என்று இருப்பதால் மட்டும் நள்ளிரவில் அங்கே சுங்க அதிகாரி உட்கார்ந்திருப்பார் என்று அர்த்தமில்லை. நீங்கள் வரும் நேரத்தில் மூன்று துறையும் அங்கே இருப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்கரைக்கும் இதே கணக்குதான். சிங்கப்பூரில் தனியார் விமானங்களுக்குச் சிலேத்தார், தாய்லாந்தில் ஹாட்யாய், புக்கெட், டோன் முவாங், சுமத்ராவில் மேடானின் குவாலானாமு. தமிழ்நாட்டில் திருமணம் என்று கிளம்புகிறவர்கள் அடிக்கடி தடுக்குவது இந்த இடத்தில்தான். மண்டபம் சேலத்தில், சேலத்தில் விமான நிலையமும் இருக்கிறது, அதனால் நேராக அங்கேயே இறங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். முடியாது. சென்னை, திருச்சி, கோவை போன்ற ஒன்றில் இறங்கிச் சுங்கத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த உள்நாட்டுப் பறப்புக்கு வெளிநாட்டு விமானம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்குக் கோவையில் இறங்கிக் கார் பிடிப்பதே சுலபம்.

ஹேண்ட்லர்

தரைப்பணி முகவரை நம் ஊரில் ஹேண்ட்லர் என்றே சொல்கிறோம். புறப்படும் இடத்தில் ஒருவர், சேரும் இடத்தில் ஒருவர் என இரண்டு பேர் தேவை. நிறுத்துமிடம், எரிபொருள், அதிகாரிகளை வரவழைப்பது, பெட்டிகளை ஊடுகதிர்க் கருவிக்கு எடுத்துப்போவது எல்லாம் அவர் வேலை. கட்டணத்தைப் பார்த்துவிட்டு, சின்ன விமானத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். முதல் பயணத்துக்கு மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒன்று மறக்க வேண்டாம். ஹேண்ட்லர் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதில் இருப்பதற்குப் பொறுப்பு விமானிக்கும் இயக்குபவருக்கும்தான். பெட்டியில் இருப்பதற்குப் பொறுப்பு அதன் சொந்தக்காரருக்கு.

அனுமதி எண்ணும் யுடிசி நேரமும்

ஒழுங்கு அட்டவணை இல்லாத தனியார் பயணத்துக்கு முன் அனுமதி தேவையில்லை என்ற மாதிரிதான் சிகாகோ ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு தொடங்கும். அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். நம் அக்கம்பக்க நாடுகள் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் முன் அனுமதி கேட்கின்றன. இதில் இந்தோனேசியா தனி ரகம். வெளிநாட்டில் பதிவான விமானத்துக்கு வெளியுறவு அமைச்சு, ஆயுதப்படை, விமானப் போக்குவரத்துத் துறை என மூன்று இடத்து ஒப்புதல் வேண்டும். பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டினால் மேடான், பறக்கும் நேரம் ஒரு மணிகூட ஆகாது. காகிதத்துக்கு ஆகும் நாட்களை அதோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். எந்த நாடாக இருந்தாலும் குறைந்தது ஒரு வாரம் கையில் இருக்கட்டும், இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்ததும் அதன் எண்ணை விமானத் திட்டம் எனும் பறப்புப் படிவத்தின் 18ஆம் கட்டத்தில் எழுத வேண்டும். இங்கேதான் புதியவர்களை மாட்டிவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. விமானத் திட்டமும் அனுமதியும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட எட்டு மணி முன்னால். 15ஆம் தேதி காலை 7 மணிக்குச் சுபாங்கிலிருந்து கிளம்பினால் யுடிசி கணக்கில் அது 14ஆம் தேதி இரவு 11 மணி. அலுவலகத்தில் ஒருவர் 15 என்று எழுதி, ஹேண்ட்லர் 14 என்று எழுதினால் அக்கரை அதிகாரியின் கையில் இரண்டு வெவ்வேறு பயணங்கள் இருக்கும். காலை 8 மணிக்கு முன் கிளம்பும் எந்தப் பயணத்துக்கும் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி பின்னால், இந்தியா இரண்டரை மணி பின்னால் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெயர்ப் பட்டியல்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி, பெயர்ப் பட்டியலைச் சரியாகச் செய்வதுதான். விமான ஆணையம், குடிநுழைவு, சுங்கம், அக்கரையின் அதே மூன்று துறைகள், இரண்டு ஹேண்ட்லர்கள், காப்புறுதி எல்லோரும் பார்ப்பது அந்த ஒரே பட்டியலை. கடைசி நேரத்தில் "மச்சானும் வர்றாரு" என்று ஒரு பெயரைச் சேர்த்தால் அதை எல்லா இடத்திலும் சேர்க்க வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் அக்கரையில் எல்லோரும் நாற்காலியில் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் மலேசியத் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு, பெயருக்கு நடுவில் வரும் ஏ/எல், ஏ/பி (மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்). சில இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது. சில படிவங்கள் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும், நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார், இன்னொருவர் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் அடைப்பார், மூன்றாமவர் ஏ/எல்லை அடியோடு நீக்கிவிடுவார். ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். இதற்கு நான் சொல்லும் வழி எளிது. கடப்பிதழின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி எந்திர எழுத்து இருக்கும். அந்த வரிகளில் சாய்கோடு அச்சாகவே ஆகாது, தமிழ் போன்ற வேறு எந்த எழுத்தும் அங்கே இல்லை, வெறும் ரோமன் எழுத்தும் எண்ணும் அம்புக்குறியும்தான். அதில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். டத்தோ, டத்தின், டாக்டர் பட்டங்களைக் கடப்பிதழில் இல்லாவிட்டால் சேர்க்க வேண்டாம். முதலாளி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படத்தைப் பார்த்து எண்களைத் தட்டாதீர்கள். கடப்பிதழை வாங்கி, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள். நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். பெற்றோர் இல்லாமல் பெரியப்பா, அத்தையோடு வரும் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும்.

பயணியைப் பணியாளர் பட்டியலில் போட்டுவிட்டால் வேலை சுலபமாகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பணியாளர் என்றால் உரிமம் எங்கே என்று கேட்பார்கள்.

ஜென் டெக்

பொது அறிவிப்புப் படிவத்தை ஜென் டெக் என்பார்கள். ஒரு பக்கக் காகிதம்தான். இயக்குபவர் பெயர், விமானத்தின் பதிவுக் குறி, தேதி, கிளம்பும் இடம், சேரும் இடம், பணியாளர், பயணிகள் எண்ணிக்கை இருக்கும். நம் விமானங்களுக்குப் பதிவுக் குறி 9எம் என்று தொடங்கும். கீழே உடல்நலப் பகுதி. விமானத்தில் யாருக்காவது 38 பாகைக்கு மேல் காய்ச்சலும் தொற்று அறிகுறியும் இருந்தால் அங்கே எழுத வேண்டும். பூச்சிமருந்து அடித்த விவரமும் அங்கேதான். கையெழுத்து தலைமை விமானியுடையது அல்லது அவர் அதிகாரம் கொடுத்த முகவருடையது. அதோடு பயணிகள் பட்டியல், சரக்கு இருந்தால் சரக்குப் பட்டியல். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, ஒவ்வொன்றிலும் தாராளமாகப் பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் எப்போதும் இருக்க வேண்டியவற்றை ஒப்பந்தத்தின் 29ஆவது பிரிவு சொல்கிறது: பதிவுச் சான்றிதழ், பறக்கத் தகுதிச் சான்றிதழ், பணியாளர் உரிமங்கள், பயணக் குறிப்பேடு, வானொலி உரிமம், மேலே சொன்ன பட்டியல்கள். இவற்றோடு காப்புறுதிச் சான்றிதழும் சேரட்டும். விமானம் வேறொரு நிறுவனத்தின் பெயரிலோ கேமன் தீவு, சான் மரீனோ போன்ற இடத்துப் பதிவிலோ இருந்தால், இதை நீங்கள் ஓட்டலாம் என்று உரிமையாளர் கொடுத்த அதிகாரக் கடிதமும் வேண்டும். நம் வட்டாரத்து ஜெட்டுகளில் பலவும் அப்படித்தான் பதிவாகியிருக்கின்றன. சுங்க அதிகாரிக்குத் தெரிய வேண்டியது, இந்த விமானம் வந்து போகிறதா அல்லது சத்தமில்லாமல் இறக்குமதி ஆகிறதா என்பதுதான்.

வருகை அட்டைகள்

இவை விமானத்தோடு சேர்ந்தவை அல்ல, ஆளோடு சேர்ந்தவை. அதனால்தான் மறந்துபோகின்றன. சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையை வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்து 2025 மே 1 முதல் அதேபோல ஒன்றைக் கொண்டுவந்தது, அதற்கும் மூன்று நாள்தான். இந்தோனேசியா சுங்க அறிவிப்பையும் இணையத்திலேயே கேட்கிறது. மலேசியாவின் எம்டாக் எனும் மின்னணு வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். நம் குடிமக்களுக்குத் தேவையில்லை, ஆனால் கூட வரும் வெளிநாட்டு விருந்தாளிகளில் பெரும்பாலோருக்குத் தேவை. விமான எண் கேட்கும் கட்டத்தில் பதிவுக் குறியைப் போடலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

சுங்கம் என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது இதுதான். முதலாளியிடம் உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்க வேண்டாம். ஒரு பக்கக் குறிப்பு அடித்து எல்லாப் பயணிகளுக்கும் இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள். அதில் நான் எழுதுவது இவற்றைத்தான்.

பணம். மலேசியாவுக்குள் வந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தின் 22ஆம் எண் படிவத்தில் அறிவிக்க வேண்டும். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு அந்த டாலர் மதிப்பில்தான். சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலர், இந்தோனேசியாவில் 10 கோடி ரூப்பியா. கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மொய்க் கவர்களைப் பிரிக்காமல் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. கிளம்பும் முன் எண்ணிவிடுங்கள். அறிவித்தால் வரி கிடையாது, படிவம் மட்டும்தான். அறிவிக்காமல் மாட்டினால் குற்றம். ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்துத் தாண்டலாம் என்பது அதிகாரிகள் முதலில் பார்க்கும் தந்திரம்.

நகை. மலேசியாவிலிருந்து போட்டுக்கொண்டு போன நகையும் கைக்கடிகாரமும் திரும்பும்போது அங்கே வாங்கியதோ என்ற கேள்வியைக் கிளப்பலாம். ரசீதும் தேதியோடு எடுத்த படமும் கைப்பேசியில் இருக்கட்டும். இந்தியாவில் இறங்கும்போது இது இன்னும் முக்கியம். அங்கே தங்கத்துக்கு வரியில்லா அளவு குறைவு, நம் பெண்கள் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும் அளவு குறைவில்லை. இறங்கியதும் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய்க் காட்டி, திரும்ப எடுத்துப்போகிறோம் என்று பதிவு செய்துகொள்வதே நிம்மதி.

மதுவும் புகையும். மலேசியாவுக்குள் வரும்போது மது எல்லா வகையும் சேர்த்து 1 லிட்டர். தாய்லாந்திலும் 1 லிட்டர், சிகரெட் 200. சிங்கப்பூர்தான் பலருக்குத் தெரியாத கதை. மலேசியாவிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு அங்கே மதுவில் வரிச்சலுகையே கிடையாது, ஒரு பாட்டிலுக்கும் வரி உண்டு. சிகரெட்டுக்கு யாருக்கும் சலுகை இல்லை. சுவிங்கம் வேண்டாம். வேப் எனும் மின்சிகரெட் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் தடை. இங்கே கடையில் கிடைப்பதால் சட்டைப் பையில் இருப்பதே மறந்துவிடும். சிங்கப்பூர் 2025 செப்டம்பர் முதல் தண்டனையையும் கூட்டியிருக்கிறது. சுபாங்கிலேயே காரில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மருந்து. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, வலுவான வலிநிவாரணி இருந்தால் மருத்துவர் சீட்டு வேண்டும். சிலவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதியும் வேண்டும். மேடானிலிருந்து சிகிச்சைக்குப் பினாங்கு வரும் நோயாளிகளை ஏற்றும் விமானங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவக் குழுவின் பெட்டியில் மார்ஃபின் போன்றவை இருந்தால் பெயர், அளவு எல்லாம் எழுதிய பட்டியலும் அனுமதியும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அப்புறம், தாய்லாந்தில் வெளிப்படையாகக் கடை போட்டுக் கஞ்சா விற்றதைப் பார்த்தவர்கள், அந்த மிட்டாயையோ எண்ணெயையோ விளையாட்டாகக்கூடப் பைக்குள் போடக்கூடாது. இங்கே அது 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். விமானத்தின் விலை என்னவாக இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை.

சாப்பாடும் செடியும். மண்ணோடு கறிவேப்பிலைக் கன்று, பூமாலை, பச்சைக் காய்கறி, இறைச்சி, முட்டை எல்லாம் தனிமைப்படுத்தல் துறையின் விஷயம். பொரித்த முறுக்கும் மூடிய பாட்டில் ஊறுகாயும் பொதுவாகச் சிக்கல் தராது, கேட்டால் காட்டிவிடுங்கள். நாய், பூனை கூட வருமானால் அது தனித் திட்டம். தடுப்பூசிச் சான்று, இறக்குமதி அனுமதி, நாட்டைப் பொறுத்துத் தனிமைக் காலம் என்று வாரக்கணக்கில் ஆகும். பாலிக் பூலாவ் டுரியான் பற்றியும் கேட்பார்கள். சுங்கம் விட்டாலும் விமானி விடமாட்டார்.

தொழில் சாமான். படப்பிடிப்புக் கருவி, கண்காட்சி மாதிரிகள், இசைக்கருவிகள் போன்றவற்றை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவருவதானால் ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. பொருட்களின் கடப்பிதழ் என்றே சொல்லலாம். மலேசியாவில் மலேசிய அனைத்துலக வர்த்தக தொழிலியல் சபை அதைத் தருகிறது. போகும்போதும் திரும்பும்போதும் இரண்டு பக்கச் சுங்கத்திலும் முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் பொருள் அங்கேயே தங்கிவிட்டதாகக் கணக்காகிவிடும். விற்பதற்கான பொருள் என்றால் கார்னே ஆகாது, இறக்குமதிக்கு கே1, ஏற்றுமதிக்கு கே2 படிவம்தான் வழி.

இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: துராயா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் கைப்பேசிகளை அங்கே அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது. விமானத்தின் அவசரப் பையில் ஒன்று கிடக்கிறதா என்று விமானியிடம் கேளுங்கள்.

விமானத்தின் சொந்தப் பொருட்கள்

தொட்டியில் இருக்கும் எரிபொருள், எண்ணெய், உதிரிப்பாகம், சமையற்பகுதிச் சாமான் இவற்றுக்குச் சிகாகோ ஒப்பந்தத்தின் 24ஆவது பிரிவு வரிவிலக்குத் தருகிறது, விமானத்திலேயே இருந்து விமானத்தோடேயே திரும்பும் வரை. சமையற்பகுதியில் இருக்கும் விஸ்கி பாட்டில் அங்கேயே இருந்தால் பிரச்சினை இல்லை. அதை முதலாளி ஹோட்டலுக்கு எடுத்துப்போனால் அது இறக்குமதி. இறங்கும் முன் அலமாரியைப் பூட்டி, இருப்பை எழுதி வைப்பது நல்ல பழக்கம். மிச்சச் சாப்பாட்டையும் குப்பையையும் சாதாரணத் தொட்டியில் போடக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த உணவுக் கழிவுக்குத் தனி வழி உண்டு, ஹேண்ட்லரிடம் விட்டுவிடுங்கள்.

கிளம்பும் நாளும் திரும்பும் நாளும்

கிளம்பும் நாளில் பயணிகள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தால் போதும், ஆனால் எல்லோரும் வர வேண்டும். குடிநுழைவு ஒவ்வொருவரின் முகத்தையும் பார்க்கும். கடப்பிதழ்களை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பி முத்திரை வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நுழைவாயில்களில் 2025 முதல் ஏகேபிஎஸ் எனும் எல்லைக் கட்டுப்பாட்டு முகவை பொறுப்பேற்றிருப்பதால், புதிய சீருடையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சுங்க வரி விஷயம் இன்னும் சுங்கத்துறையுடையதுதான்.

முத்திரை வாங்கிய பிறகு புதிதாக யாரும் ஏறக்கூடாது, எந்தப் பையும் உள்ளே வரக்கூடாது. "வீட்டில் விட்டுவந்த பை, மருமகன் கொண்டுவந்துட்டார்" என்றால் அதுவும் முதலிலிருந்து ஊடுகதிர்க் கருவி வழியாகத்தான் வரும்.

திரும்பி வரும்போது கதவு திறந்ததும் கார் பக்கத்தில் நின்றாலும் பெட்டிகள் முதலில் போவது சோதனை மேசைக்கு. அதிகாரி கேட்கும் முன்பே அறிவிக்க வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். ரசீதைக் காட்டி, வரியைக் கட்டி, கட்டிய சீட்டை வாங்கிக்கொண்டு போவதற்கு ஆகும் நேரம், ரசீது இல்லாத கைப்பையின் விலையைப் பற்றி வாதாடும் நேரத்தைவிட மிகக் குறைவு.

எல்லை தாண்டாமலேயே சுங்கம்

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. சுபாங்கிலிருந்து அங்கே போவது உள்நாட்டுப் பயணம்தான், ஆனால் திரும்பும்போது சலுகை அளவுக்கு மேல் உள்ள மதுவுக்கும் சாக்லேட்டுக்கும் வரி உண்டு. தங்கிய நேரத்துக்கும் நிபந்தனை உண்டு. காலையில் போய் மாலையில் பாட்டில்களோடு திரும்பும் திட்டம் அங்கேயே அடிபடும். லாபுவான், தியோமான், 2020இல் சேர்ந்த பங்கோர் ஆகியவற்றுக்கும் இதே வகை விதிதான். கூச்சிங்கோ கோத்தா கினபாலுவோ போனால் சபா, சரவாக் தங்கள் குடிநுழைவைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. தீபகற்பத்துக்காரர்கள் மைகாட் எனும் அடையாள அட்டையையோ கடப்பிதழையோ மறக்கக்கூடாது. வணிகச் சரக்கு இருந்தால் கே3 படிவம்.

வழி மாறினால்

வெளிநாட்டிலிருந்து பினாங்குக்குத் திரும்புகிற வழியில் புயல் மழை, ஓடுபாதை மூடல், அதனால் வேறு இடத்தில் இறங்க நேர்ந்தால் பாதுகாப்புதான் முதலில், அதற்கு யாரும் தண்டிக்க மாட்டார்கள். இறங்கிய பிறகு நடப்பதுதான் முக்கியம். தலைமை விமானி உடனே கட்டுப்பாட்டுக் கோபுரம் வழியாகச் சுங்கத்துக்கும் குடிநுழைவுக்கும் தகவல் சொல்ல வேண்டும். அங்கே அவர்கள் இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு. அதிகாரி வரும் வரை பயணிகள் விமானத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பெட்டி இறங்கக்கூடாது. கழிவறைக்குப் போவதற்குக்கூட விமான நிலைய ஆள் ஒருவர் கூட வரட்டும். மழை விட்டதும் அங்கிருந்து பினாங்குக்குப் பறப்பதானால், உள்நாட்டுப் பயணமாக விடுவார்களா, இன்னும் வெளிநாட்டுப் பயணமாகவே கணக்கில் வைப்பார்களா என்று கேட்டு, ஜென் டெக்கில் புதிய வழித்தடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இஞ்சினை முடுக்க வேண்டும்.